முப்பத்திரண்டாம் மீற்றர்

முப்பத்திரண்டு மீற்றரில் நின்றுவிட்டது குழாய்.

காலை ஏழு மணி. பரந்தன் பக்கமிருந்து வந்த பஸ்
எங்களைச் சுற்றிக்கொண்டு போகிறது,
யன்னல்கள் ஒவ்வொன்றாய் மூடுகின்றன.
மூன்று நாளாய்ச் சாப்பாட்டுக்கடைக் கான்
கண்டி வீதியில் ஏறிப் படுத்திருக்கிறது.
முதலாளி நிக்சன் மூக்கைப் பொத்தியபடி
"தம்பி, பதினொண்டுக்கு முதல் முடியுமோ?
மத்தியானச் சனம் வந்திடும்."
"கானைக் கேளுங்கோ" என்கிறான் விசுவலிங்கம்,
பம்மில் ஒரு கையை வைத்தபடி.

குழாய் நுனியில் பூட்டியிருப்பது ஒரு பித்தளை மூக்கு,
கொய்யாப் பிஞ்சளவு.
முன்னுக்கு ஒரு துளை, பின்னுக்கு ஆறு.
தண்ணீர் பின்னால் பீச்சும், அது முன்னால் போகும்.
வேலைக்கு வந்த முதல் கிழமை
இது எனக்கு விளங்கவில்லை.
இப்போதும் விளக்கச் சொன்னால் வராது.
கைக்குத்தான் தெரியும்:
றபர் விறைக்கும்,
விலாங்கைப்போல் ஒருமுறை நெளியும்,
பிறகு தன்னைத்தானே இழுத்துக்கொண்டு
இருட்டுக்குள் போகும்.

எந்தக் குழாய் எங்கே போகிறது என்று
ஒரு கடதாசியிலும் இல்லை.
பிரதேச சபையில் கேட்டால் அலுமாரியைக் காட்டுவார்கள்.
அலுமாரி புதிது.
ஆகவே காதை வைப்பேன்.
வீதியோரம் குப்புறப் படுத்து, தாரில் கன்னம் சுட,
கீழே தண்ணீர் எங்கே இரைகிறதென்று கேட்பேன்.
ஒருமுறை ஒருவர்
நான் மயங்கிவிட்டேனென்று சோடா வாங்கி வந்தார்.
குடித்தேன்.

இன்றைக்கு இரையவில்லை, முட்டுகிறது.
கைபேசிக்கடையின் புதுப்படிக்கு நேர் கீழே.
கடைக்காரப் பொடியன் படிக்கு முன்னால் நின்று
சபைத் தலைவருக்கு எடுத்தான், செயலாளருக்கு எடுத்தான்,
கடைசியில் தானே கல்லைப் பெயர்க்கக் குனிந்தான்.

அலவாங்குச் சத்தத்துக்குச் சனம் சேர்ந்தது.
இங்கே நிலத்தைத் திறந்தால் ஆட்கள் வருவார்கள்.
ஒரு இடைவெளி விட்டு நிற்பார்கள்.
நாற்றத்துக்காக விட்ட இடைவெளி அல்ல.
தையல்கடை இராசமலர் அக்கா மட்டும்
அளவுநாடா கழுத்தில் தொங்க
விளிம்புவரை வந்து குந்துவார்.
கானோ, கிணறோ, ரெலிகொம் குழியோ,
எதைத் திறந்தாலும் வருவார்.
விசுவலிங்கம் பம்மை நிற்பாட்டினான்,
நான் சொல்லாமலே.

கையை விட்டு ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தேன்:
வேப்பம் வேர்ச்சடை,
சவர்க்காரமாய் இறுகிப்போன கொத்துரொட்டி எண்ணெய்,
ஷாம்பூப் பைக்கற்றுகள், ஒரு கரண்டி,
ஒற்றைச் செருப்பு.

செருப்பை நூற்றைம்பது பார் அமுக்கத்தில் கழுவவில்லை.
வாளியில் அள்ளி, கையால்.
கழுவக் கழுவ நிறம் வந்தது, ஊதா.
அக்கா வாங்கித் திருப்பி அடியைப் பார்த்தார்.
"இது இந்த வருசத்து மாதிரி."
"ஓம்."
எழும்பி, சீலையை உதறி,
"என்ரை கடைக்குப் பின்னாலையும் தண்ணி நிக்குது,
ஏலுமெண்டா ஒருக்கா வந்து பாரும்."

பம் உறுமியது. முப்பத்திமூன்று. முப்பத்தாறு.
கறுப்பு, பிறகு தேத்தண்ணி நிறம், பிறகு நிறமில்லை.
பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்க
வீதி தன் பள்ளத்தைக் காட்டியது.
நிக்சன் இரண்டு கடதாசிக் கப்புகளைப்
பவுசரின் மட்காட்டில் வைத்துவிட்டு
உள்ளே போனார். உள்ளே
கண்ணாடிக் குவளைகள் அடுக்கி இருந்தன.
தேத்தண்ணி நல்ல தேத்தண்ணிதான்.

பின்னேரம் தையல்கடைக்குப் பின்னால் போனேன்.
தண்ணீர் நிற்கவில்லை.
சீமெந்து மூடி காய்ந்து கிடந்தது,
பக்கத்தில் கூட்டிய தடம்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
மூடியைத் தூக்கினேன்.
இருவரும் குனிந்து பார்த்தோம்.
குழாயை விட்டேன், மெதுவாக, அவர் பார்க்கிற வேகத்தில்.
நாற்பது மீற்றரும் தடையில்லாமல் போனது.