ஈரம் இறங்கிய பத்து நிமிஷம்

பேட்டை ரோட்டு அச்சகத்தில்
தகடு கழுவுகிறவள் நான்.
விரலுக்கு அலுமினியம் வழுவழுப்புதான்.
லென்ஸை வைத்தால் புழுதி உழவு போட்ட வயல்,
குழியும் மேடுமாய்.
அந்தக் குழிகளில் தண்ணீர் தங்கும்.
வெளிச்சம் தொடாத இடங்களில் மட்டும்
நீலப் பூச்சு மிஞ்சும்.
அது தண்ணீரை உதறிவிட்டு மையைக் கூப்பிடும்.
எங்கள் ஊரில் எழுத்து என்றால்
ஈரம் வேண்டாம் என்று சொன்ன இடம்.

சுத்தமல்லி ஆவுடைநாயகம்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.
மகள் கல்யாணப் பத்திரிகை, ஆயிரத்து இருநூறு.
"நம்பிராசன் பேரை எடுத்துருங்க."
"தாய்மாமன் பேராச்சே?"
"ராத்திரியோட ராத்திரியா மடையை அடைச்சான்.
மாமனாம்லா, மாமன்!"
கோடகன் கால் பாயும் வயல்.
நடவு முடிந்து நாலாம் நாளாம்.

தகடு ஏற்கெனவே எடுத்தாயிற்று.
புதுசுக்குக் காசு தரமாட்டேன் என்றார்.
அழிப்புப் பேனாவைத் திறந்தேன்.
முதலில் ம்-இன் புள்ளி, அப்புறம் பி-யின் கொக்கி,
ரா-வின் காலில் கொஞ்சம் நேரமானது.
நீலம் கரைந்து வெள்ளை உலோகம் தெரிந்தது.
ஊதிப் பார்த்தேன்.
மூச்சின் ஆவி அங்கே பரவி நின்றது.
இனி அந்தப் பெயர் தண்ணீரின் கட்சி.
கோந்து தடவி மைதீனிடம் நீட்டினேன்.

அறுநூறு தாள் வரைக்கும் சுத்தம்.
மைதீன் டீ குடிக்கப் போன நேரம்
தொட்டியில் தண்ணீர் தீர்ந்து
உருளை காய்ந்திருக்கிறது.
வந்து ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தான்.
"இங்கன பாருங்க."
மணமகள் பெயருக்குக் கீழே,
விபூதி அழிந்த நெற்றி மாதிரி,
நம்பிராசன்.
ந அரைகுறை. ரா-வுக்கு முழுக் கால்.
தெரிந்தவர்கள் வாசித்துவிடலாம்.

தண்ணீர் ஊற்றி நாலு சுற்று விட்டதும்
பெயர் அமுங்கிப் போனது.
கெட்டதை எண்ணி ஓரமாய் வைத்தோம், நாற்பத்து மூன்று.

சாயங்காலம் வந்தவர்
மேலே இருந்ததை எடுத்து
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
ஹெல்மெட் இன்னும் தலையில்தான்.
"கழிவும்மா இது? எத்தனை இருக்கு?"
சொன்னேன்.
"தனிக்கட்டாக் கட்டிக் குடுங்க."

யாருக்கென்று அவர் சொல்லவில்லை.
மைதீன் கேட்க வாயெடுத்தான்,
நான் நூல்கண்டை அவன் கையில் திணித்தேன்.
ஆயிரத்து இருநூறுக்கும் பணம் எண்ணி வைத்துவிட்டுப் போனார்,
கழிவுக்கும் சேர்த்து.

தகட்டைத் துடைத்து
மறுபடி கோந்து பூசி
ஆணியில் மாட்டியிருக்கிறேன்.
பழைய அலுமினியத்துக்கு வருகிறவன்
சனிக்கிழமைதான் வருவான்.