ஐந்தாம் வேர், ஆறாம் வேர்

தலை வந்துவிட்டது. தோள் வரவில்லை.
நீடாமங்கலம். விடியற்காலை மூன்றே கால்.
ஜெனரேட்டர் ஒருமுறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.
நாலு கிலோ முந்நூறு என்பது அப்போது தெரியாது.
தவமணியின் முழங்கால்களை மார்போடு மடக்கி
சிஸ்டர் பிலோமினா அடிவயிற்றில் உள்ளங்கையை ஊன்ற
நான் தலையைச் சாய்த்து இழுத்தேன்.
இழுத்தேன் என்றுதான் எழுத வேண்டும்.
கேஸ் ஷீட்டில் 'மெல்ல' என்று ஒரு சொல் சேர்த்திருக்கிறேன்.

இருபத்தாறு வயதில், தஞ்சாவூரில்,
உடற்கூறியல் துறையின் வடக்கு அறையில்
பிறக்காமல் போன பதினெட்டுப் பேரின்
கழுத்தைத் திறந்து அளந்தவள் நான்.
ஃபார்மலினில் கண் எரியும். வெர்னியர் வழுக்கும்.
தீக்குச்சி போன்ற காறையெலும்பைத் தூக்கினால்
அடியில் ஐந்து வேர்கள், நனைந்த தையல் நூல்.
மூன்று தண்டாகின்றன, பிரிகின்றன, மறுபடி சேர்கின்றன,
பிறகுதான் தோளுக்கென்றும் சுண்டுவிரலுக்கென்றும் போகின்றன.
பேராசிரியர் கரும்பலகையில் வரைந்து
காவிரி மாதிரி என்பார்.
எனக்கு ஒப்பவில்லை.
கல்லணையில் பிரிந்த வெண்ணாறு
காவிரியிடம் திரும்பிப் போனதில்லை.
இவை பிரிந்த பின்னும் தேடிப் போய்க் கலக்கின்றன,
யார் தண்ணீர் யாருக்கு என்று வழக்குப் போடாமல்.

எட்டாவது வாரத்திலேயே
கொட்டைப்பாக்களவு உயிருக்குள்
இத்தனையும் முடிந்துவிடுகிறது.
விரல்களுக்கு நடுவே ஜவ்வு முழுதாய் விலகியிராது,
தாய் ஸ்கேனுக்கு டோக்கன்கூட வாங்கியிருக்க மாட்டாள்,
அதற்குள் வாய்க்கால் வெட்டியாயிற்று.
பதினொன்றாவது சிசுவில்
நான்காம் வேரும் வந்து ஒட்டியிருந்தது, கூப்பிடாமலே.
ஆய்வேட்டில் அதற்கொரு நட்சத்திரக்குறி.

இடுக்கியால் ஒன்றை இழுத்தும் பார்த்தேன்,
எவ்வளவு தாங்கும் என்று.
அந்த எண் எனக்குத் தெரியும்.
மூன்றே கால் மணிக்குக்
கைக்கு எண் தெரியாது.

அழுதான். நன்றாகவே அழுதான்.
தொட்டிலைத் தட்டினால் திடுக்கிட்டு
இடது கை மட்டும் உலகத்தைக் கட்டிக்கொள்ள எழுகிறது.
வலது கை விலாவோடு ஒட்டி, உள்ளே திரும்பி,
மணிக்கட்டு மடிந்து, உள்ளங்கை பின்னால் ஏந்தி,
தாலுகா ஆபீசில்
முகம் பார்க்காமல் காசு வாங்கும் கை.
எனக்குச் சிரிப்பு வந்தது.
உடனே கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கலியமூர்த்தி கொள்முதல் நிலையத்தில் லோடுமேன்.
வலது தோளில் சாக்கு உரசிக் காய்த்த மேடு.
"மூட்டை தூக்குவானா டாக்டரம்மா?"
நான் வாய் திறப்பதற்குள்
"வேணாம், தூக்க வேணாம்.
தானா சட்ட மாட்டிக்கிட்டா போதும்."

வேர் பிடுங்கிக்கொண்டால் வராது என்றேன்,
நைந்திருந்தால் வளரும்,
நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்.
அவர் தன் கழுத்திலிருந்து முழங்கைக்குச்
சாண் வைத்து அளந்து பார்த்தார்.
"எங்களுக்குக் கடைமடைங்க, முத்துப்பேட்டைப் பக்கம்.
மேட்டூர் தொறந்தாச்சும்பாங்க.
வந்துரும் வந்துரும்பாங்க."
கொஞ்சம் நிறுத்தி,
"சில வருஷம் வரும்."

பதினோராவது வாரம், செவ்வாய்க்கிழமை.
குழந்தையின் வலது உள்ளங்கையில் என் விரல்.
பிடிக்கிறான், பிடி எப்போதும் இருந்தது,
அது கீழ் வேர்களின் வேலை.
எனக்கு வேண்டியது முழங்கை.
மடங்கியதா, என் விரல் தூக்கியதா?
விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.
வெளியே டோக்கன் நம்பர் கூப்பிடுகிறார்கள்.
"மடங்குது டாக்டர்," பிலோமினா சொல்கிறாள்.
அவள் எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான் சொல்வாள்.

ஷீட்டைப் புரட்டி முதல் பக்கத்துக்குப் போனேன்.
'மெல்ல' என்பதை அடித்துவிட்டு
ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன், தேதியோடு.
தவமணி எட்டிப் பார்க்கிறாள்,
"என்னம்மா எழுதுறீங்க?"

சொல்கிறேன் என்றேன்.
உட்காரச் சொன்னேன்.