நிகர எடை

பலமாக ஊதினால் முன்னே.
பலமாக உறிஞ்சினால் பின்னே.
மெல்ல ஊது, வலம். மெல்ல உறிஞ்சு, இடம்.
இவ்வளவுதான்ணா என்றான் ஃபயாஸ்,
ஓசூரில் மின்சார ஸ்கூட்டர்களின் வயிற்றைத் திறப்பவன்,
என் கன்னத்தோரம் குழாயை வளைத்துக்கொண்டே.

பெங்களூரில் யாரோ உட்கார்ந்து தீர்த்த நாற்காலி.
அதன் கைப்பிடிக் குச்சியைக் கழற்றிவிட்டான்.
எனக்கு இருக்கிற இரண்டு கையும்
யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பைபோல
மடியில் கிடப்பவை.

மடிக்கணினியில் ஒரு கோடு துடித்தது.
சும்மா மூச்சு விட்டுப் பார்த்தேன். வண்டி அசையவில்லை.
சாதா மூச்சை இது கணக்குல எடுக்காதுண்ணா.
உயிரோடு கிடப்பதற்கு விடுகிற மூச்சு
ஓரிடம் போய்ச்சேர ஆகாது என்பது
மோட்டாருக்கும் தெரிந்திருக்கிறது.

முதல் வாரம் சிரித்தேன், கோழிக்கூண்டில் மோதினேன்.
விக்கலுக்கு விக்கல் பின்வாங்கினேன்.
இந்த மனுசன் சிரிக்கறதுக்கெல்லாம் வண்டி ஓடினா
நான் எங்க போய்ப் பிடிக்கறது என்றாள் நாகவேணி.
ஃபயாஸ் அளவைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தான்.
ஒன்றை மட்டும் அவனால் சரிசெய்ய முடியவில்லை:
குழாய் வாயில் இருந்தால் பேச்சில்லை,
பேசினால் பயணமில்லை.
சண்டைக்கு நடுவில் எழுந்து போற ஆம்பளைக்குன்னே
செஞ்ச வண்டி இது என்றாள்.
பதில் சொல்லவில்லை,
பாதித் தெரு தாண்டியிருந்தேன்.

வைகாசியில் காவேரிப்பட்டணம் மண்டிக்குத் தனியாகப் போனேன்.
நாலு கிலோமீட்டர்.
தள்ளிவிட வந்த இரண்டு பேரைத் தலையாட்டியே நிறுத்தினேன்.
வாசலில் லாரி எடைமேடை.
பின்னால் ஒரு டெம்போ ஹாரன் அடிக்க
நட்டநடுவில் நின்றேன்.
கண்ணாடி அறைக்குள் சிவப்பு எண் எரிந்தது: 160.

குத்தகைக்காரர் சென்னகேசவலு வெளியே வந்தார்.
நல்லாருக்கியா என்று கேட்டார், நாற்காலியிடம்.

குழாயைத் துப்பினேன்.
விழுந்த அன்னிக்குப் பதினோரு மணி வரைக்கும் பறிச்சேன்.
செந்தூரா, ஏழு கூடை.
எட்டாவது என்கூடவே விழுந்துச்சு, அதை விட்டுடுங்க.
ஏழுக்குக் கூலி பாக்கி.

ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தேனே.
அது வேற கணக்கு.
மூணு வருஷம் ஆச்சேப்பா.
வட்டி கேக்கலையே.

டெம்போக்காரன் ஹாரனை விட்டு
தலையை வெளியே நீட்டியிருந்தான்.

எண்ணிய நோட்டுகளோடு அவர் கை நீண்டது,
என் கைகளைப் பார்த்து நடுவழியில் நின்றது,
பிறகு சட்டைப் பையைத் தேடியது.
மூன்று வருடத்தில் முதல்தடவை என்னைத் தொட்டார்.
விரல் நடுங்கியதா, தெரியவில்லை.
நெஞ்சுக்குக் கீழேதான் எனக்கு எதுவும் தெரியாது,
பை இருப்பதும் அந்த எல்லையில்தான்.

பழக்கதோஷத்தில் எடைப்பையன் சீட்டை அடித்துவிட்டான்.
மொத்த எடை 160.
காலி வண்டி எடை என்கிற இடத்தில் விழித்தான்.
நிகர எடை எழுத நான் இறங்கியாக வேண்டும்.
அப்புறம் வரேன் தம்பி என்றேன்,
கழுத்தைத் திருப்பிக் குழாயைக் கவ்வினேன்.

மெல்ல உறிஞ்சி இடம். பலமாக ஊதி ரோடு.
மண்டிச் சுவர் முடிகிறவரை பழுத்த செந்தூரா வாசனை.
வாயால் இழுத்தால் வண்டி பின்னுக்குப் போய்விடும்,
மூக்காலேயே இழுத்துக்கொண்டு போனேன்.