நிலைத்தன்மை: இருநூறு சொற்களுக்குள்

வெள்ளி நள்ளிரவோடு மூடிவிடும் விண்ணப்பம்.
இப்போது மணி ஒன்பதே கால்.
பனச்சமூட்டில் கரண்ட் இரண்டு தடவை போய் வந்தாயிற்று.

ஆலயத்துக்குத் தரமாட்டார்களாம்.
கூரை, மணி, பீடம், ஆர்மோனியம்
ஒன்றுக்கும் கிடையாது.
சமூகத்துக்கு என்றால் தருவார்கள்.
'ஒழுகுவது ஆலயம், நனைவது சமூகம்'
என்று அடித்தேன்.
செயலாளர் வில்பிரட் சிரித்தார்,
பிறகு கைநீட்டி அழித்தார்.

ஆகவே கேட்கிறோம்:
மூச்சுக்காற்று எந்திரம் இரண்டு,
தண்ணீர் மெத்தை ஆறு,
சக்கர நாற்காலி இடிக்காமல் நுழையும்படி
ஒரு கதவு, அதைச் சுற்றி ஓர் அறை.

மாநிலம்: ஒன்றை மட்டும் தேர்வு செய்க.

எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குள் நிற்கிறது எல்லைக்கல்.
வெளியூரிலிருந்து வருகிறவர்கள்
யாரோ ஒரு குழந்தையின் கல்லறை என்று நினைத்து
அதற்கும் ஒரு பூ வைத்துவிட்டுப் போவதுண்டு.
பீடம் தமிழ்நாடு. கிணறு கேரளம்.
தமிழ்நாட்டை அமுக்கினேன்.
கிணற்றிடம் நாளை சொல்லிக்கொள்ளலாம்.

பயனாளிகள், மதவாரியாக.

இரவல் நோட்டைத் திறந்தேன்.
சக்கர நாற்காலி, மீரான் பிள்ளை, நான்கு மாதம்.
அச்சுக்கு எண்ணெய் போட்டுத் திரும்பி வந்தது.
தண்ணீர் மெத்தை, வெள்ளறடை பார்கவி, பத்தொன்பது நாள்.
அந்தப் பெயரருகே சின்னச் சிலுவை ஒன்று.
போட்டவர் கோயில்பிள்ளை ராஜையன்.
செத்துப்போனால் சிலுவை,
அதற்குமேல் அவர் யோசித்திருக்க மாட்டார்.
எடை இருக்கிறது நோட்டில், உயரம் இருக்கிறது,
படுக்கையறை வாசலின் அகலம்கூட இருக்கிறது.
மதம் என்றொரு பத்தி இல்லை.
பதினேழாவது வரியில் என் வீட்டு முகவரி.
அதைக் கொஞ்சம் வேகமாகக் கடந்தேன்.
மொத்தம் நாற்பத்தொன்று.

பதினொன்றே கால்.

நிதி முடிந்தபின் திட்டம் எவ்வாறு தொடரும்?
இருநூறு சொற்களுக்குள் விளக்குக.

வில்பிரட் எங்கிருந்தோ எடுத்து வைத்திருந்தார்,
'வலுவான கூட்டாளிகளின் வலைப்பின்னல் வாயிலாக'
என்று தொடங்கும் ஒரு பத்தி.
நான் சேவலைப் பற்றி எழுதினேன்.

அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு
ரோசலெட் கொண்டு வந்த சேவல்.
சிவப்பு. ஒரு கண் பழுது.
நானூறுக்கு எடுத்த சுகுமாரன்
'கோயிலுக்கே இருக்கட்டு' என்று திரும்ப வைத்தார்.
அறுநூற்றைம்பதுக்கு எடுத்த தங்கபாயும் வைத்தாள்.
அப்படியே ஏழு தடவை.
கடைசியாக ரப்பர் ஷீட் வாங்கும் சலீம்,
இரண்டாயிரத்து நூறு,
பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு
பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.
ஒரே சேவல், எட்டாயிரத்து ஐந்நூற்றைம்பது.
பழைய எந்திரத்தின் மோட்டாரை அதில்தான் மாற்றினோம்.
சேவல் இன்றைக்கும்
ராஜையன் வீட்டு முருங்கையில் தூங்குகிறது.
வருகிற வருஷமும் அதுதான் ஏலத்துக்கு.

'இதெ எழுதினா அவிய பைசா தருவினுமா பிள்ளே?'
'உள்ளதாக்கும் எழுதினேன்.'
அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அழிக்கவில்லை.
அடியில் தன் பத்தியையும் ஒட்டினார்.
சொல் எண்ணிக்கை தாண்டி, சிவப்பானது.
அவருடையதில் பாதியை வெட்டினோம்,
சேவலின் கண்ணையும்.

பதினொன்று நாற்பத்தெட்டுக்குக் கரண்ட் போனது.
என் போனில் ஒரு கோடு சிக்னல்.
மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு
கல்லறைகளுக்கு நடுவே நடந்தோம்,
எல்லைக்கல்லில் வில்பிரட் கால் இடித்துக்கொண்டு
கர்த்தரைக் கூப்பிட்டார்.
கிணற்றடியில் நான்கு கோடு.
போன் என்னைக் கேரளத்துக்கு வரவேற்றது.
தமிழ்நாடு என்று எழுதியதை
அங்கே நின்றே அனுப்பினேன்.

பதினான்கு இலக்கத்தில் ஓர் எண் வந்தது.
குறித்துக்கொள்ள வேறு தாள் இல்லை.
இரவல் நோட்டில்
நாற்பத்திரண்டாம் வரியில் எழுதினேன்.
'திரும்பி வந்த தேதி' என்ற பத்தியை
வெறுமையாக விட்டேன்.