பாடு

பக்கம் நாற்பத்தொன்றைத் தமிழாக்கச் சொன்னார்கள்.
மறுநாள் கத்திவாக்கத்தில் கூட்டம்,
மக்கள் மொழியில் ஒரு பிரதி இருக்க வேண்டுமாம்.
முதல் வரியிலேயே தடுக்கியது
ஸ்டேக்ஹோல்டர்.

பங்குதாரர் என்று போட்டால்
டீமேட் கணக்கு வைத்திருப்பவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.
அக்கறையுள்ளோர் என்றால்
யாரோ துக்கம் விசாரிக்க வந்த மாதிரி.
பாதிக்கப்படுவோர்,
அதைச் சட்டப்பிரிவு அடித்துவிட்டது
சிவப்பு மையில், காரணம் சொல்லாமல்.

எங்கள் கட்டடத்தில்
பொறுப்பு நாலாவது மாடி.
சுற்றுச்சூழல் இரண்டாவது.
உறவு தரைத்தளம், வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில்;
புகாரோடு வருபவர்களுக்கு
மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, ஒன்றுக்குக் கால் உடைசல்.
லிஃப்ட் இருக்கிறது.
ஒரு மாடிக்காரர் இன்னொரு மாடியில் இறங்கி
நான் பார்த்ததில்லை.

அதனால்தான்
சாம்பல் குழாயின் பதினேழாவது இணைப்பு கசிகிறதென்று
இரண்டாவது மாடி எழுதிய கடிதம்
'இந்தக் காலாண்டில் நிதியில்லை' என்று திரும்பிய அதே வாரம்
நாலாவது மாடி
குழாய்க்குக் கீழே இருக்கும் குப்பத்துக்குக்
குடிநீர் இயந்திரம் கொடுத்தது,
ரிப்பன், கத்தரி, வாழைப்பழத் தாம்பாளத்தோடு.
குழாயைச் சரிசெய்ய ஆகும் தொகையைவிட
இயந்திரம் விலை கூட.
இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது
நான் ஒருத்திதான்,
அதுவும் மொழிபெயர்க்கிற சாக்கில்.

லாபத்தில் இரண்டு சதவீதம் கருணை.
மிச்சத் தொண்ணூற்றெட்டு எப்படி வந்ததென்பதற்கு
அறிக்கையில் பக்கம் ஒதுக்கவில்லை.

கூட்டத்தில்
துணைத்தலைவர் திரையில் மூன்று வட்டம் போட்டார்.
மூன்றும் உரசும் இடத்துக்குப் பச்சை அடித்து
'வியூகம்' என்று பெயர்.
மின்விசிறிச் சத்தத்தில் முக்கால்வாசி கேட்கவில்லை.
தேசப்பன் எழுந்தார்.
கைலிக்கு மேல் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.
"வட்டம் இருக்கட்டும் சார்.
ஆத்துல இன்னிக்கு யாருக்குப் பாடுன்னு தெரியுமா?"

கோடு போட்ட நோட்டு ஒன்றை என்னிடம் நீட்டினார்,
பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு.
இடப்பக்கம் தலைக்கட்டுகளின் பெயர்.
வலப்பக்கம் வலை போடும் இடம், நாள்.
சாம்பல் படிந்து தூர்ந்த இரண்டு இடங்களை அடித்துவிட்டு
எஞ்சியதை எல்லாருக்கும் குறைத்து எழுதியிருந்தார்கள்.
தூர்ந்த இடத்துக்காரன் எவனும்
வெறும் வலையோடு கரையில் நிற்கவில்லை.
மற்ற ஒவ்வொருவருக்கும்
மாதத்தில் ஒரு நாள் குறைந்திருந்தது, அவ்வளவுதான்.
சினைக்காலத்துக்குப் பக்கம் காலி.
மீறினவனுக்கு எட்டு நாள் தண்டம்.
நாங்கள் மூன்று மாடியில் தேடுவது
இருபது ரூபாய் நோட்டில்
ஒரே கையெழுத்தில் இருந்தது.

"உங்க கம்பெனியையும் ஒரு தலைக்கட்டா எழுதிக்கட்டுமா?"
சிரிக்காமல்தான் கேட்டார்.
"எழுதினா, பட்ட நாள்ல பங்கு உண்டு.
படாத நாள்லயும் உண்டு.
ஆத்துக்கு ஒண்ணு பண்ணா தண்டம்.
தண்ணி மிஷினு தண்டத்துல கழியாது."

"மொதல்ல அந்த மிஷினுக்கு ஃபில்டர் மாத்தச் சொல்லு,
ஆடியிலேர்ந்து கேட்டுனுகீறோம்"
என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.
ரேணுகாம்பா. கையில் இறால் கூடை,
வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள்.

துணைத்தலைவர் என் பக்கம் திரும்பினார்,
ஆங்கிலத்தில் சொல் என்பதுபோல்.
"நம்மையும் ஓர் உறுப்பினராகச் சேரச் சொல்கிறார்கள்" என்றேன்.
முகம் மலர்ந்தது.
"நல்லது. குறித்துக்கொள்ளுங்கள், பாசிட்டிவ் ஃபீட்பேக்."

தண்டத்தை நான் விட்டுவிட்டேன்.
படாத நாளையும்.

இரவு கத்திவாக்கம் நடைமேடையில்
சென்ட்ரல் வண்டி தாமதம்.
எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள்
வரிசை நகராமல் உறுமிக்கொண்டிருந்தன.
மடிக்கணினியைத் திறந்தேன்.
ஸ்டேக்ஹோல்டர் இருந்த இடத்தில்: தலைக்கட்டு.
அதன் கீழே, விட்ட சொற்கள் இரண்டும்.
அதன் கீழே
பதினேழாவது இணைப்பு, தொகை, தேதி.
மூன்று மாடிக்கும் ஒரே மின்னஞ்சல்.

அனுப்பிவிட்டேன்.
நாளைக்கு யார் பாடு என்று
நோட்டில் பார்க்க மறந்துவிட்டேன்.