இரண்டரை எட்டு

கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே
இரண்டரை எட்டு.
பாயைச் சுருட்டி, தண்ணீர்க் கேனை
இஸ்தோப்புப் பக்கம் தள்ளி வைத்தால்
மூன்று.
மூன்று எட்டில் என்னத்தைப் பழகுறது
என்றாள் ரோஷாந்தி.
நோர்வூட் பஸ்சில் நமக்கு
அரை எட்டும் கிடைப்பதில்லையே என்றேன்.
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

முதல் நாள் நின்றோம். வெறுமனே நின்றோம்.
தோளகலத்துக்குக் கால்கள்,
முழங்கால் கொஞ்சம் இளகி,
ஒரு பாதம் முன்னே.
சறுக்கும் மலையில் கூடையோடு அம்மா நிற்பதும்
இப்படித்தான் என்பது
பல நாள் கழித்தே எனக்குப் பட்டது.

கட்டைவிரலை முஷ்டிக்குள் பூட்டாதே,
ஒடிந்துபோகும்.
உள்ளங்கையின் அடிமேட்டால் தள்ளு.
போனுக்குள் இருந்த பெண் சொல்லிக்கொண்டிருக்கும்போதே
மழை இறங்கி சிக்னல் போய்விடும்.
திறந்த வாயோடு அவள் உறைந்து நிற்பாள்.
மிச்சத்தை நாங்களே ஊகித்தோம்;
ஊகித்ததில் என் மூக்கு வீங்கியது.

கவ்வாத்து மலையில் பொறுக்கிய சருகை
உரச் சாக்கில் அடைத்துக்
கதவு நிலையில் கட்டினோம்.
குத்தக் குத்தத் தும்மல்.
சாக்குக்கு ஒரு பெயர் வைத்தாள் தங்கச்சி.
சொல்லமாட்டேன்.
ஏழரை பஸ்சில் ஏறும் எல்லாப் பிள்ளைகளுக்கும்
அவனைத் தெரியும்.

பார்த்தும் பார்க்காதவளாய்
ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா
ஒரு வெள்ளிக்கிழமை மாவுக் கையோடு எழுந்து வந்தாள்.
"பஞ்சு மாதிரி புடிக்கிறீங்க.
எவன் அப்படிப் புடிப்பான்?"
என் மணிக்கட்டைப் பற்றினாள்.

இருபத்திரண்டு வருஷம்
கொழுந்து கிள்ளிய விரல்கள்.
இழுத்தேன். முறுக்கினேன். அழுகை வந்தது.
இழுக்காதேக்கா, வாசல் எங்கேன்னு பாரு
என்றாள் ரோஷாந்தி.
எந்தப் பிடிக்கும் ஒரு வாசல் உண்டு,
கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடம்.
அந்தப் பக்கம் திருப்பு,
முழங்கையை மடக்கு,
கையால் மட்டுமல்ல, முழு உடம்போடும் வா.
வந்துவிட்டேன்.
மாவு படிந்த என் மணிக்கட்டை
அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்னையப் புடி."

பிடித்தேன்.
அவள் என் கையைப் பார்க்கவில்லை.
வாசல் வழியே கொழுந்து மடுவத்தைப் பார்த்தாள்,
தராசு தொங்கும் அந்த இருட்டு மூலையை.
அவளுக்கு அப்போது என் வயது இருந்திருக்கலாம்.
நான் கேட்கவில்லை.
ஒரே வெட்டில் என் பிடி கழன்று
அலுமாரியில் போய் விழுந்தேன்.
கண்ணாடியில் அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது.
முகம் பார்த்தால் நெற்றியில் ஓடும்.

உதைக்கலாம், தள்ளலாம்.
கத்தத்தான் வரவில்லை.
பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே கூரை,
நடுச்சுவர் அதுவரை ஏறாத லயம்.
இந்தப் பக்கம் இருமினால்
அந்தப் பக்கம் கொத்தமல்லி கொதிக்கும்.
இங்கே எப்படிக் கத்துவது?
தலையணைக்குள் கத்திப் பார்த்தோம்.
வந்ததெல்லாம் "அண்ணே", "ப்ளீஸ்", "விடுங்க".
அந்த "ங்க"வைப் பிடுங்கி எறியவே
ஒரு கிழமை போனது.

ஞாயிறு. அடைமழை. தகரம் இரைந்தது.
ரோஷாந்தி அடிவயிற்றிலிருந்து எடுத்தாள்.
"விடு! தள்ளிப் போ!"
தகரத்தையும் தாண்டிப் போயிற்று.
நாய் ஒன்று குரைத்தது.
மூன்றாம் காம்பராவில் ரேடியோ நின்றது.
என்னா சத்தம் அங்க என்று யாரோ கேட்டார்கள்.
அடுப்பிலிருந்து தலை திருப்பாமல் அம்மா,
"ஒண்ணுமில்ல, புள்ளைங்க படிக்குதுக."

ராத்திரி, கார்மெண்டில் இருந்து வந்து படுத்த
செல்வமலர்
சுவருக்கு அந்தப் பக்கம்
தனக்குள் சொல்லிப் பார்ப்பது கேட்டது.
விடுங்க.
விடுங்க.
வெகுநேரம் மழை மட்டும்.
பிறகு, விடு.
மறுபடியும் விடுங்க.

அலுமாரியை இஸ்தோப்புக்கு மாற்றினால்
நாலு எட்டு வரும்.
மூன்று பேர் நிற்கலாம்.