பத்து லட்சத்தில் பதினைந்து

காரைக்குடி செக்காலை சாலையில்
பைக் ஒர்க்‌ஷாப்புக்கு மேலே என் அலுவலகம்.
ஒரு மேசை, ஒரு இன்வெர்ட்டர், அணைக்கக் கூடாத ஒரு போன்.
நாலு கப்பல்களில்
சாப்பாட்டு அறையின் கைகழுவும் தொட்டிக்கு மேல்
என் பெயரும் எண்ணும் ஒட்டியிருக்கும்.
யாருக்கும் பயப்படாமல் கூப்பிடலாம்
என்று கீழே ஒரு வரி.
யாரும் கூப்பிடுவதில்லை.

"தண்ணி லாரி வர்ற ஊர்ல உட்கார்ந்து
கப்பலுக்கு என்ன பாதுகாப்பு?"
வாடகை வாங்க வந்த வயிரவன் கேட்டார்.
பினாங்குக் கடைக்கு உங்க ஆட்கள்
இங்கிருந்துதானே கணக்குப் பார்த்தார்கள் என்றேன்.
சிரித்தார்.
வாடகையைக் குறைக்கவில்லை.

இரவு இரண்டு பத்து. கரண்ட் இல்லை.
சாட்டிலைட்டில் குரல் இரண்டு வினாடி பிந்தி வந்தது.
"பேர் சொல்ல மாட்டேன் மேடம்."
சொல்லாதே என்றேன்.
உவரிப் பக்கத்துப் பேச்சு.
நாலாம் இன்ஜினியர் என்று தெரிந்துவிட்டது,
தெரியாமலே வைத்துக்கொண்டேன்.
"பில்ஜ் பம்புக்குப் பின்னாடி ஒரு குழாய்.
சுத்தி எல்லாம் புதுப் பெயிண்ட்.
போல்ட்டுல மட்டும் உடைஞ்சிருக்கு."

திறக்காத போல்ட்டில் பெயிண்ட் உடையாது.
பிரிப்பானைச் சுற்றிக்கொண்டு நேரே கடலுக்கு.

பத்து லட்சத்தில் பதினைந்து பங்கு எண்ணெய்,
அதற்கு மேல் கூடாது என்கிறது சட்டம்.
சட்டத்துக்கு ஒரு பேரேடு உண்டு.
மெயிலில் வந்திருந்த பக்கங்களைத் திறந்தேன்,
முத்து முத்தாய்க் கையெழுத்து.
செவ்வாய்க்கிழமை எரித்த கசடு அறுநூறு லிட்டர்.
செவ்வாய்க்கிழமை எரியடுப்பு பழுது,
உதிரிபாகம் உடனே தேவை என்று
அதே கப்பல் எழுதிய கடிதம்
அடுத்த ஃபைலில்.

அழகான கணக்கைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.
மூன்றாம் அதிகாரியாய் இருந்த நாளில்
மரக்கட்டை அடைத்த அறைக்குள் இருவர் இறங்கினார்கள்.
உள்ளே இருந்த காற்றைக் கட்டை தின்று முடித்திருந்தது.
அனுமதிப் படிவத்தில் ஒரு பிழை இல்லை.
ஆக்சிஜன் பார்த்தது: டிக்.
மேலே காவல் ஆள்: டிக்.
நேரம் எட்டு மணி.
அவர்கள் விழுந்தது ஏழு நாற்பது.
பேனா என்னுடையது.
கேட்டார்கள், கொடுத்தேன்.

"ஏன் ஊத்துறீங்க?"
"போர்ட்ல எடுக்கக் காசு கேக்குறாங்க,
ஆபீஸ் தரமாட்டேங்குது, டேங்க் நிறைஞ்சுபோச்சு.
எங்க மேடம் கொண்டுபோய் ஊத்துறது?"
நான் பேசாதிருந்ததை
சாட்டிலைட் தாமதம் என்று நினைத்திருப்பான்.

கேப்டனை எழுப்பினேன்.
"யார் சொன்னது?"
எப்போதும் முதல் கேள்வி அது.
குழாயைத் தொடாதீர்கள், சீல் வையுங்கள்,
விடிவதற்குள் போட்டோ வேண்டும் என்றேன்.
நாலு மணிக்கு முதலாளி.
அடுத்த துறைமுகத்தில் நாமே போய்ச் சொல்லிவிடுவோம்,
கசடு இறக்கப் பணம் ஒதுக்குங்கள்.
நெடுநேரம் பதிலில்லை.
சென்னை நம்பர், அதற்குத் தாமதம் கிடையாது.
"அனுப்பு, பாக்குறேன்" என்று வைத்துவிட்டார்.
அழைத்தவர் பெயர் என்ற கட்டத்தில்
ஒரு கோடு இழுத்தேன்.

ஆறரைக்குக் கீழே ஷட்டர் ஏறியது.
சேவுகன் ஒரு புல்லட்டின் வயிற்றைத் திறந்து
கரிய எண்ணெயை வாய்க்காலில் சாய்த்துக்கொண்டிருந்தான்.
மழை வந்தால் அந்த வாய்க்கால் ஊருணிக்குப் போகும்.
மழையில்லை. எண்ணெய் அவசரமில்லாமல் நின்றது.
மூன்று வருடமாய் இந்த ஜன்னலில் இருக்கிறேன்,
இன்றுதான் கண்ணில் பட்டது என்றால்
யார் நம்புவார்கள்.

காலிப் பெயிண்ட் டின்னோடு இறங்கினேன்.
"இதுல ஊத்து."
"நிறைஞ்சா எங்கக்கா கொண்டுபோறது?"

தெரியவில்லை.
படிக்கட்டடியில் குந்தி,
டின் மேல் மார்க்கரால் எழுதினேன்:
தேதி. உள்ளே அரை லிட்டர்.
வாய்க்காலில் போனது ஒன்றரை.
தூங்காத கை.
எழுத்து கோணிக்கொண்டு போனது.